நட்ட குச்சியில் உட்கார்ந்த காக்கை: மசினகுடியில் ஓர் ஆள்காட்டிக் கூடு

மசினகுடி ஊர் முடிகிற இடத்தில், பட்டிகளுக்குப் போகும் மாட்டுத்தடத்தை ஒட்டி, இரண்டு ஏக்கர் தேறுகிற ஒரு பொட்டல் இருக்கிறது. சரளைக்கல், காய்ந்த சாணி, நெருஞ்சி, இவைதான் அங்கே விளைச்சல். நீலகிரி என்றதும் ஊட்டிக் குளிரையும் தேயிலைப் பச்சையையும் நினைக்கிறவர்களுக்கு இது நீலகிரி என்றே தோன்றாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தால் வருகிற சீகூர் பீடபூமி இது. மழை மறைவுப் பகுதி. மார்ச் பிறந்தால் மதிய வெயிலில் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது.

நான் இந்தப் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. பறவை பார்ப்பது பழக்கம், அவ்வளவுதான். ஆராய்ச்சி செய்கிறவள் இல்லை. இந்தப் பொட்டலில் போன வருடம் மார்ச் நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரை ஒரே ஜோடி ஆள்காட்டி இரண்டு முறை கூடு வைத்தது. மொத்தம் எட்டு முட்டை. பொரித்தது மூன்று. பறந்தது இரண்டு. முதல் நாலு முட்டை போனதற்குப் பெரும்பங்குக் காரணம் நாங்கள், அதாவது அதைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிவப்பு மூக்கு ஆள்காட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சங்கப் பாட்டில் வரும் கணந்துள் இதுதான் என்று சொல்வார்கள். வழியோரம் இருந்துகொண்டு, ஆள் வருவதைக் கத்திச் சொல்லி, வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பும் நீண்ட கால் பறவை. இரண்டாயிரம் வருடமாக அதே வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு இது கத்தினால் இங்கே யாரும் ‘குருவி கத்துது’ என்று திரும்பிப் படுக்க மாட்டோம். யானை தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதா என்று டார்ச்சைத் தேடுவோம்.

ஆனால் இது ஒரு கரைப்பறவை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கடற்கரையில் அலையோடு ஓடும் உப்புக்கொத்தியும், வயல் சேற்றில் குத்தும் உள்ளானும், நம்ம பொட்டலில் கத்தும் ஆள்காட்டியும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரவில் கூவும் கண்கிலேடியும் இந்தக் குடும்பத்துக்கு உறவு. அவ்வளவு ஏன், புதருக்குள் ஓடும் வரிக்காடையைக் கூட இப்போது இந்த வரிசையில்தான் வைக்கிறார்கள். குளிர்காலத்தில் ஊட்டி ஏரியோரம் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிற உள்ளான்களும், சோலைக்குள் இருட்டில் மண்ணைத் துழாவும் வுட்காக்கும் வடக்கேயிருந்து வருகிற விருந்தாளிகள். குளிர் முடிந்ததும் கிளம்பிவிடும், முட்டை இங்கே கிடையாது. ஆள்காட்டி அப்படியில்லை. வாழ்வதும் பெருகுவதும் சாவதும் இங்கேயேதான். அதன் கணக்கு முழுக்க நம்ம மண்ணில் எழுதப்படுகிறது.

முதல் கூடு

மார்ச் 19 அன்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து சொன்னான்: “டீச்சர், நாங்க பந்து பொறுக்குற இடத்துல கல்லு முட்டை போட்டிருக்கு.” போய்ப் பார்த்தோம். கூடு என்று எதுவும் இல்லை. கையகலப் பள்ளம், அதைச் சுற்றிப் பொடிக்கற்கள், ஆட்டுப்புழுக்கை சில, நடுவே இரண்டு முட்டை. மங்கின மண் நிறத்தில் கறுப்புத் திட்டுக்கள். கண்ணை எடுத்து ஒரு நொடி வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முட்டையைக் காணவில்லை, மறுபடி தேட வேண்டியிருந்தது. 23ஆம் தேதிக்குள் நாலு ஆகிவிட்டது. நாலும் பம்பரம் போல ஒரு பக்கம் கூர்மை. கூர்முனைகள் நடுவில் சேர, பூவிதழ் விரித்தது போலப் படுத்திருந்தன. தாய்ப்பறவையின் வயிற்றுக்கு அடியில் நாலும் அடங்க வேண்டுமே, அதற்கு இந்த அடுக்குதான் சரி.

ஆள்காட்டி மரத்தில் கூடு வைக்காது, புதருக்குள்ளும் வைக்காது. நாலு பக்கமும் பார்வை போகிற வெட்டவெளியில்தான் வைக்கும். மறைவிடம் தேடுகிற பறவை இல்லை இது, எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிற இடத்தைத் தேடுகிற பறவை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நாங்கள் தப்பு செய்தோம்.

என்ன செய்தோம் என்றால், மார்ச் 24 அன்று கூட்டைச் சுற்றி மூன்றடி தள்ளி நாலு மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணிக் கயிறு கட்டினோம். கற்களுக்குச் சுண்ணாம்பு பூசி வட்டமாக வைத்தோம். ‘ஆள்காட்டி முட்டை உள்ளது. யாரும் அருகில் வராதீர்கள்’ என்று அட்டையில் எழுதிக் கட்டினோம். பிள்ளைகளுக்குப் பெருமை, எனக்கும்தான்.

வராதே என்று எழுதினால் வராதவனும் வருவான். முதல் மூன்று நாளில் பள்ளிக்கூடமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சஃபாரி ஜீப் ஓட்டுகிற ஒரு தம்பி, டூரிஸ்ட்டுகளை அழைத்துவந்து காட்டினான்; நல்லெண்ணத்தில்தான். ஒவ்வொரு முறையும் பறவை எழுந்து போய், வேறு எங்கேயோ நின்று கத்தியது. ஆட்கள் போன பிறகுதான் திரும்பியது.

பட்டி வைத்திருக்கிற ஒரு பெரியவர் அந்த வழியாகத்தான் தினம் மாடு ஓட்டுவார். குச்சிகளைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு டீச்சரம்மா, காக்காய்க்கு நாற்காலியா?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2 காலை ஏழு மணிக்குப் போனபோது வடகிழக்குக் குச்சியின் உச்சியில் ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. பள்ளம் வெறுமையாக இருந்தது. மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிய ஓட்டுத்துண்டு ஒன்று சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடந்தது. ஆள்காட்டி ஜோடி நாற்பதடி தள்ளி நின்றிருந்தது. கத்தக் கூட இல்லை.

காக்கை எடுத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. கீரியாக இருக்கலாம், உடும்பாகவும் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் கிட்டத்தில் மரமே இல்லாத ஒரு பொட்டலில், கூட்டுக்கு நேர் மேலே பார்க்கிற மாதிரி நாலு இருக்கை போட்டுக் கொடுத்தது நாங்கள். முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாக இருப்பதுதான் அதன் ஒரே பூட்டு. அதைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டு ‘இங்கே’ என்று காட்டியதும் நாங்கள். சரி, இதைவிட ஒரு காக்கைக்கு என்ன உதவி செய்ய முடியும்?

ஐரோப்பாவில் இதே விஷயத்தை வேறொரு பக்கமிருந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விலங்கு நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1960களின் தொடக்கத்தில் கருந்தலைக் கடற்காகங்களை வைத்துச் செய்த சோதனை அது. கடற்காகமும் கரைப்பறவை வரிசைதான். குஞ்சு பொரித்ததும் தாய் ஏன் உடைந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போடுகிறது என்பது கேள்வி. முட்டைக்குப் பக்கத்தில் உடைந்த ஓடு கிடந்தால், காக்கைகள் அந்த முட்டையை அதிகமாகக் கண்டுபிடித்து எடுத்தன என்பது பதில். ஓட்டின் உள்பக்க வெள்ளை அவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கிறது. ஒரு ஓட்டுத்துண்டின் வெள்ளைக்கே இந்தக் கதி என்றால், எங்கள் சுண்ணாம்புக் கல் பன்னிரண்டு.

இரண்டாவது கூடு

முட்டை போனால் ஆள்காட்டி சோர்ந்து உட்கார்ந்துவிடாது. பருவம் மீதமிருந்தால் மறுபடி இடும். ஏப்ரல் 18 அன்று பெரியவரே வந்து சொன்னார், ஆனால் இடத்தைச் சொல்லவில்லை. “அங்க இருக்கு. நீங்க வர வேண்டாம், தூரத்துல நின்னு பாருங்க” என்றார். பழைய கூட்டிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, மாட்டுத்தடத்தின் விளிம்பில், சாணித் தூள் நடுவே. 23ஆம் தேதி நாலு முட்டை.

இந்த முறை ஒரு குச்சி இல்லை, ஒரு கல் இல்லை, ஒரு பலகை இல்லை. பையன்களிடம் கிரிக்கெட் பிட்சை மட்டும் கோயில் பக்கமாகத் தள்ளிப் போடச் சொன்னேன். கோடை விடுமுறை வேறு, நாள் முழுக்க ஆட்டம்தான். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். இடத்தைக் கேட்டார்கள், சொல்லவில்லை. இரண்டு பேருக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. அவர்களும் வாயைத் திறக்கவில்லை. நான் நூற்றைம்பதடி தள்ளி ஒரு புளியமரத்தடியில் பைனாகுலரோடு உட்காருவேன். காலை ஆறரைக்கு முன் போவதில்லை. அந்த நேரத்தில் அந்தப் பாதை யானையுடையது.

அப்போதுதான் நிறைய விஷயம் கண்ணில் பட்டது. முதல் கூட்டை நாங்கள் பார்த்தோமே தவிர, பறவையைப் பார்க்கவே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. எது ஆண், எது பெண் என்று தோற்றத்தில் சொல்ல முடியாது. ஒன்று வரும், இன்னொன்று எழுந்து குனிந்தபடி ஓசையில்லாமல் பத்தடி நடந்து போகும், அங்கிருந்துதான் பறக்கும். பறக்கிற இடத்தை வைத்து யாரும் கூட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மனிதர் வந்தாலும் இதே தந்திரம்தான். தூரத்திலேயே பார்த்து, எழுந்து நடந்து, வேறு இடத்தில் போய் நின்று ஊரைக் கூட்டும். அது கத்துகிற இடத்தில் கூடு இருக்காது.

மாடு வந்தால் கதையே வேறு. மனிதருக்கு எழுந்து ஓடுகிற பறவை, மாட்டுக்குக் கூட்டை விட்டு நகராது. ஏப்ரல் 27 மாலை, பட்டி திரும்புகிற மாடுகள் நாற்பது ஐம்பது, தடத்தை நிறைத்துக்கொண்டு வருகின்றன. முன்னால் வந்த செவலைப் பசு நேராகக் கூட்டின் மேல் கால் வைக்கப் போகிறது. கூட்டில் இருந்த பறவை எழுந்து, முட்டையின் மேல் நின்றபடியே இரண்டு இறக்கைகளையும் விரித்து, பசுவின் மூக்குக்கு நேரே சீறியது. இருநூறு கிராம் கூடத் தேறாத உருவம். பசு தலையைச் சிலுப்பிக்கொண்டு ஒதுங்கியது. பின்னால் வந்த மாடுகள் அதன் பின்னால் ஒதுங்கின, ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போல. மாடு முட்டையைத் தின்ன வரவில்லை, மிதிக்கத்தான் செய்யும். அதனால் அதனிடம் மறைக்க எதுவுமில்லை, விலகச் சொன்னால் போதும். நாயிடமும் மனிதரிடமும் மறைக்க வேண்டும். ஆள் பார்த்து நடந்துகொள்கிற இந்த அறிவை என்ன சொல்வது.

பெரியவர் மறுநாளிலிருந்து மாட்டை நாலடி தள்ளி ஓட்டினார். இங்கே மாடு வளர்ப்பது பாலுக்கு என்பதைவிடச் சாணிக்கு. பட்டியில் சேர்கிற சாணி லோடு லோடாகத் தோட்டங்களுக்குப் போகிறது. அந்த மாடுகள் மேய்வதால்தான் இந்தப் பொட்டல் பொட்டலாகவே இருக்கிறது. மேய்ச்சல் நின்ற இடங்களில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. உண்ணிச்செடிக்குள் ஆள்காட்டி கூடு வைக்காது. அதாவது கூட்டை மிதிக்கிற மாடும் கூட்டுக்கு இடம் கொடுக்கிற மாடும் ஒன்றுதான். மாட்டைத் துரத்தினால் பறவை பிழைக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெயில்

மே முதல் வாரம் நல்ல வெயில். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை பறவை உட்கார்ந்திருக்காது. முட்டைக்கு மேல் நின்று, இறக்கையைத் தளர்த்தி, குடை பிடிக்கும். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பறவைக்கு அடைகாப்பதில் பாதி, சூட்டைத் தடுப்பது. பறவை முட்டைக்குள் கரு நன்றாக வளர 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். 40ஐத் தாண்டினால் ஆபத்து. வெயில் நேரத்தில் இந்தச் சரளைத் தரை அதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

மாற்று வருகிற பறவை அணைக்கட்டுத் தண்ணீர்ப் பக்கமிருந்துதான் வரும். ஒரு மதியம் பைனாகுலரில் சரியாகத் தெரிந்தது. வந்து இறங்கிய பறவையின் வயிற்று இறகு நனைந்து, திரி திரியாகத் தொங்கியது. வந்ததும் முட்டை மேல் அமுக்கி உட்கார்ந்தது. எழுந்தபோது முட்டைகள் மினுமினுத்தன. வயிற்றை நனைத்து வந்து முட்டைக்குக் குளிர் கொடுக்கிறது. குஞ்சு பொரித்த பிறகு அதே ஈர இறகை வைத்துக் குஞ்சுகளையும் நனைக்கும். சிவப்பு மூக்கு, மஞ்சள் மூக்கு இரண்டு ஆள்காட்டிகளிலும் இந்தப் பழக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இங்கே இன்னும் வறண்ட, இன்னும் மொட்டையான இடங்களில் இருக்கிறது. தண்ணீரை விட்டு விலகியே வாழும், கூச்சல் குறைவு, அதனால் ஊர்க்காரர் பலருக்கு அது தனிப்பறவை என்றே தெரியாது. உயிரியலாளர்கள் ஹெலன் ஸ்பர்வேயும் ஜெயகரும் 1960களில் அதன் இனப்பெருக்கத்தைக் கவனித்து, வறட்சிக் காலத்தில் முட்டையிடும் பறவை என்று விவரித்தார்கள். மழைக்கு முன்னால், தரை கொதிக்கிற காலத்தில் ஏன் முட்டையிட வேண்டும்? மழை வந்தால் புல் வளர்ந்து பார்வை மறையும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். குஞ்சு வெளியே வரும்போது மழையும் பூச்சியும் வந்தால் போதும். வெயிலைச் சமாளிக்க வயிற்று ஈரம் இருக்கிறது. வெள்ளத்தைச் சமாளிக்க ஒன்றும் இல்லை.

இந்த ஈர வயிற்று வித்தை ஒரே ஒரு நிபந்தனையில்தான் வேலை செய்யும்: பறவை கூட்டில் இருக்க வேண்டும். மே 4 மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு ஜீப் நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். கூட்டைப் பார்க்க இல்லை, கத்துகிற பறவையைப் போனில் பிடிக்க. பன்னிரண்டு நிமிடம். அத்தனை நேரமும் நாலு முட்டையும் வெயிலில் கிடந்தன. நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போனால் இன்னும் ஓர் ஆள் கூடுதலாக நிற்பேன், கூட்டம் ‘எங்கே, எங்கே’ என்று தேடும் என்று உட்கார்ந்தே இருந்தேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் உறுதியில்லை.

ஜல்லி லாரி

மே 6 காலை ஒரு லாரி ஜல்லி வந்து நின்றது. பக்கத்தில் வீடு கட்டுகிற ஒருவர், வழக்கமாக எல்லோரும் கொட்டுகிற அந்த விளிம்பில்தான் கொட்டச் சொல்லியிருந்தார். கூட்டுக்கும் லாரியின் பின் டயருக்கும் இருபதடி.

முதலில் கூட்டை நகர்த்தலாமா என்ற யோசனை வந்தது. இப்படி நகர்த்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். உழவுக்கு முன் ஆள்காட்டிக் கூட்டை, கற்களோடும் முட்டைகளோடும் சேர்த்து, ஒரே நாளில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, பறவை திரும்பி வந்து உட்கார்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போவது. ஆனால் இது யாரும் தன்னிஷ்டத்துக்குச் செய்கிற காரியம் இல்லை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வருகிறது. வனக்காவலரைப் போனில் பிடித்தேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: “முட்டையை நகர்த்த வேண்டாம் டீச்சர், லாரியை நகர்த்துங்க.”

வீடு கட்டுகிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் காலையிலேயே கூலி ஆட்கள் வந்து நிற்கிறார்கள். “ஒரு குருவிக்காக ஜல்லியை நூறடி சுமக்கச் சொல்றீங்களா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. லாரி டிரைவர் தம்பிதான் தீர்த்துவைத்தார்: “அண்ணே, எனக்கு எங்க கொட்டினாலும் ஒரே டீசல். நான் சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா வர்றேன்.” சுற்றிவந்து எதிர் விளிம்பில் கொட்டினார். கொட்டுகிற சத்தத்தில் பறவை ஒருமுறை எழுந்து, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டது. இயந்திரத்துக்கு அது பெரிதாக அஞ்சுவதில்லை; இரண்டு காலில் நடந்து வருகிறதற்குத்தான் அஞ்சுகிறது.

மே 11 ஆலங்கட்டி மழை. பறவை எழவில்லை. அடுத்த நாள் போனபோது கூட்டின் ஓரத்தில் பொடிக்கற்கள் கொஞ்சம் கூடியிருந்த மாதிரி தெரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

பொரித்த பிறகு

இந்தப் பறவைக்கு அடைகாக்கும் காலம் 28 முதல் 30 நாள். மே 21 மாலை நாலு மணி போல, கூட்டில் இருந்த பறவை அடிக்கடி தலையைக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மூன்று குஞ்சு. பக்கத்தில் ஓடு ஒன்று கூட இல்லை. ஒரு முட்டை மட்டும் அப்படியே கிடந்தது. அது பொரிக்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்ல மாட்டேன். நாலும் அதே வெயிலில்தான் கிடந்தன.

ஆள்காட்டிக் குஞ்சு கூட்டில் உட்கார்ந்து வாயைப் பிளக்கிற ரகம் இல்லை. ஈரம் காய்ந்ததும் எழுந்து நடக்கும், தானே பொறுக்கித் தின்னும். தாய் தகப்பன் ஊட்டுவதில்லை. காவல், நிழல், ஈரம் மட்டுமே அவற்றின் பொறுப்பு. மதியத்துக்குள் கூடு காலி. மூன்று பஞ்சு உருண்டைகள் மாட்டுத்தடத்தைக் கடந்து அணைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. தகப்பனோ தாயோ ஒரு குரல் கொடுத்தால் மூன்றும் நின்ற இடத்திலேயே தரையோடு ஒட்டிவிடும். ஒரு குஞ்சு என் செருப்புக்கு இரண்டடி முன்னால் அப்படி ஒட்டிக் கிடந்ததை, அது இமைத்த பிறகுதான் கண்டேன். காலை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐந்து நிமிடம் ஒற்றைக் காலில் நின்றேன்.

மே 29க்குப் பிறகு இரண்டுதான் கண்ணில் பட்டன. அந்த வாரம் பொட்டலில் நாய்கள் அதிகம். கோழிக்கடைக் கழிவை யாரோ ராத்திரியில் கொண்டுவந்து ஓடையோரம் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். கழிவு இருந்தால் நாய் வரும், காக்கை வரும், இரண்டும் கழிவோடு நிற்காது. முதல் கூட்டின் காக்கையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். எங்கள் குச்சி ஒரு நாற்காலி என்றால், கழிவுக் குவியல் விருந்துக்கே அழைப்பு. பஞ்சாயத்தில் சொல்லி, பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நாலைந்து பேர் கடைக்காரர்களிடம் பேசி, ஜூன் நடுவில் அது நின்றது. எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம்.

ஜூன் 28 அன்று இரண்டு இளம்பறவைகளும் வேலிக்கு மேலே எழும்பிப் பறந்தன. நேராகப் பறக்கத் தெரியவில்லை, ஆனால் பறந்தன.

கணக்கு

எட்டில் இரண்டு. இதைக் கேட்டுப் பலர் உச்சுக்கொட்டினார்கள். கரைப்பறவைக் கணக்கில் இது மோசமில்லை. சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் முட்டைகளில் பத்துக்கு நாலு போல கீரி, காக்கை, பருந்து வாயில் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொரித்த பிறகு இழப்பு குறைவு. முதல் வாரத்தைத் தாண்டினால் இன்னும் குறைவு. ஒரு ஜோடி தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துத் தன் இடத்துக்கு இரண்டு பறவையை வளர்த்து விட்டுப்போனால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். அதனால்தான் முட்டை போனால் அது மறுபடி இடுகிறது, அடுத்த வருடமும் இடுகிறது. ஐரோப்பாவில் இதன் உறவான வடக்கு ஆள்காட்டிக்குக் கணக்குப் போட்டதில், ஜோடி ஒன்று வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 0.6 முதல் 0.8 குஞ்சு வரை பறக்கவிட்டால் எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்று வந்தது. முழுதாக ஒரு குஞ்சு கூட இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வளர்ந்த பறவை நீண்ட நாள் வாழ்வதால், குஞ்சே பறக்காத வருடங்கள் தொடர்ந்து வந்தாலும் பொட்டலில் கத்துகிற பறவை குறைவதாகத் தெரியாது. அதே ஜோடி, அதே இடத்தில், அதே கூச்சல். ‘எங்க ஊர்ல நிறைய இருக்கே’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அந்த ஜோடிக்கு வயதாகி ஒரு மார்ச்சில் வராமல் போகும்போதுதான் இடம் காலியானது தெரியும். அதனால் நான் இப்போது பறவையை எண்ணுவதை விட்டுவிட்டு, ஜூலையில் பறக்கிற இளம்பறவையை எண்ணுகிறேன்.

2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை எடைபோட்டு, 178 இனங்களை உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று வைத்தது. நீண்ட காலப் போக்கைச் சொல்லுமளவு தகவல் இருந்த 338 இனங்களில் 204 குறைந்திருந்தன. வெட்டவெளிப் பறவைகளுக்கும், வலசை வரும் கரைப்பறவைகளுக்கும் நிலைமை நன்றாக இல்லை. சிவப்பு மூக்கு ஆள்காட்டி அந்த அவசரப் பட்டியலில் இல்லை. இன்றைக்கு உலக அளவிலும் அது அழியும் அச்சம் இல்லாத இனம்தான். ஆனால் அதற்கு வேண்டிய பொட்டல் எந்தப் பட்டியலிலும் இல்லை. காட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, வயலுக்கு ஒரு பட்டா எண் இருக்கிறது. மாடு மேய்கிற சரளைத் தரையை எல்லோரும் ‘சும்மா கிடக்குற இடம்’ என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டைச் சுற்றி வலை போட்டோ, கேமரா வைத்தோ பாதுகாப்பது சில நாடுகளில் சில இனங்களுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள், அனுமதியோடு, நாளும் பார்த்துச் செய்கிறார்கள். எங்களைப் போல உற்சாகத்தில் குச்சி நடுவது அந்த வகையில் சேராது.

இந்த வருடம் மார்ச் 14 அன்று வீடு கட்டியவரிடமிருந்து போன் வந்தது. போன வருடம் எதிர் விளிம்பில் கொட்டிய ஜல்லியில் பாதி மீதம் கிடந்தது. மழையில் பரவித் தட்டையாகியிருந்தது. கேட் கட்டுவதற்கு எடுக்கப் போயிருக்கிறார். அவர் தலைக்கு மேல் இரண்டு பறவை சுற்றிச் சுற்றிக் கத்தியிருக்கிறது.

“மூணு முட்டை இருக்கு டீச்சர். ஜல்லி நடுவுல. குச்சி எதுவும் நடல” என்றார். கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எத்தனை நாளுக்கு எடுக்கக் கூடாது?” என்று கேட்டார்.

நாலாவது முட்டை விழ ஒன்றிரண்டு நாள், அதிலிருந்து முப்பது என்று சொன்னேன். ஏப்ரல் நடுவில் என்று காலண்டரில் குறித்துக்கொண்டார்.